வெருவந்த செய்யாமையும் பழவேற்காட்டு ஏரிக்கரையும்

திருக்குறட் பொருட்பாலில் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை. 56ஆம் அதிகாரம் கொடுங்கோன்மை. 57ஆம் அதிகாரம் வெருவந்த செய்யாமை. முன்னவை இரண்டும் தம்முள் மறுதலைப்பட்டன. ஆதலின் அவற்றை அடுத்தடுத்து வைத்தமை எளிதின் விளங்கும். மூன்றாவது ஏன் வந்தது என்பதே வினா. கொடுங்கோலைக் கடிந்து பத்துக் குறள் கூறிய ஆசிரியர், குடிகள் அஞ்சத்தக்கன செய்தலைக் கடிந்து மேலும் பத்துக் குறள் கூறுவானேன்? அச்சுறுத்தல் கொடுங்கோன்மையுள் அடங்காதோ? அடங்குமாயின், இது கூறியது கூறல் என்னும் குற்றத்தின்பாற் படாதோ? முதுகலை வகுப்பில் இவ்வினா ஆண்டுதோறும் எழுகின்றது. வலியுறுத்தற்பொருட்டு மீண்டும் கூறினார் என்பதே வழக்கமாகத் தரப்படும் விடை. அதிகாரத்துக்குப் பத்து என அளந்து வைத்த ஒருவர், வலியுறுத்துவதற்காக ஓர் அதிகாரத்தையே செலவிட்டார் எனல் எமக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

இவ்விரண்டு அதிகாரங்களும் வெவ்வேறு பொருளன. அவ்வேறுபாட்டைக் காணாதவழி, வன்கோல் ஆட்சி காலப்போக்கில் எவ்வாறு உருமாறுகின்றது என்பது பற்றி வள்ளுவர் கண்ட நுட்பத்தை நாம் இழந்துவிடுவோம். இதுவே ஈண்டு யாம் நிறுவ முயல்வது.

சொற்சான்றை முதற்கண் கொள்வோம். குறள்களின் வைப்புமுறை உரையாசிரியர்க்குள் வேறுபடுதலின் வரிசையை ஆதாரமாகக் கொள்ளுதல் ஆகாது. சொல்லாட்சியையே கொள்ளல் வேண்டும். ‘குடி’ என்னும் சொல் செங்கோன்மையில் 542, 544, 549 ஆகிய மூன்று குறள்களில் பயில்கின்றது. கொடுங்கோன்மையில் 554ஆம் குறளில் வருகின்றது. ‘முறை’ என்னும் சொல் செங்கோன்மையில் 541, 547, 548 ஆகியவற்றிலும், கொடுங்கோன்மையில் 553, 558, 559 ஆகியவற்றிலும் உள்ளது. வெருவந்த செய்யாமையிலோ இவ்விரு சொற்களுள் ஒன்றேனும் ஒருமுறையேனும் வரவில்லை. குடிகளை அச்சுறுத்தல் ஆகாது என்று கூறும் அதிகாரத்தில் குடி என்ற சொல்லே இல்லை என்பது வியப்புக்குரியது. அங்கு வருவன யாவை? ஆக்கம், செல்வம், திரு, பகை அடும் வலிமை, வாழ்நாள். இவை யாவும் ஆள்வோனுடையன. அச்சுறுத்தலால் வரும் இழப்பு ஆள்வோனது கணக்கேட்டிலேயே எழுதப்படுகின்றது.

கொடுங்கோன்மை அதிகாரத்திலும் அரசனது இழப்புக் கூறப்படுகின்றதே எனின், உண்மை. ஆயினும் ஆண்டு இழப்பின் வாயில் குடிகளது துன்பம். ஆற்றாது அழுவாரின் கண்ணீர் செல்வத்தைத் தேய்க்கும் என்பது 555ஆம் குறளின் கருத்து. முறைசெய்யா மன்னவனின் கீழ் வாழ்வார்க்கு வறுமையினும் செல்வம் இன்னாதாகும் என்பது 558. இவற்றைக் கூறுவோன் கோலுக்குக் கீழே நிற்கின்றான். 57ஆம் அதிகாரத்தில் கூறுவோன் கோலுக்கு அருகே நின்று, அதனைப் பிடித்தவனது செவியில், அவனது நன்மையையே காட்டிப் பேசுகின்றான்.

காலச் சொற்களும் இவ்வாறே பிரிந்து நிற்கின்றன. 553ஆம் குறளில் நாடு கெடுவது ‘நாடொறும்’. அஃதாவது நாள்தோறும் சிறிது சிறிதாக. 57ஆம் அதிகாரத்திலோ 563, 564 ஆகிய குறள்களில் ‘ஒல்லை’, 566இல் ‘ஆங்கே’, 569இல் ‘வெய்து’ என விரைவுப் பொருள் தரும் சொற்கள் நான்கு இடங்களில் வருகின்றன. 567ஆம் குறளில் மட்டும் அரம் என்னும் உருவகம் மெல்லத் தேய்தலைக் குறிக்கின்றது என்று மறுக்கலாம். அரம் மெல்லத்தான் தேய்க்கும். ஆனால் அக்குறளில் தேய்வது வேந்தனின் போர்வலி, அவனது வாழ்வன்று. வலி தேய்ந்தவன் செரு வந்தபோது விரைந்து கெடுவன் என 569 கூறுவதோடு இது முரணுமாறு இல்லை.

ஆக, முறையின்மை நாட்டை மெல்லக் கெடுக்கும். அச்சுறுத்தல் ஆள்வோனை விரைந்து கெடுக்கும். இவை இருவேறு நோய்கள். ஒன்று தீர்ந்தால் மற்றது தீர்ந்துவிடும் என்று வள்ளுவர் யாண்டும் கூறவில்லை.

இனி, இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையாகிய 562ஆம் குறளுக்கு வருவோம். தம்பால் ஆக்கம் நெடுங்காலம் நீங்காதிருத்தலை விரும்புவோர், தண்டிக்கத் தொடங்குங்கால் கடுமை தோன்ற ஓச்சி, எறியுங்கால் அளவின் மெல்ல எறிக என்பது அதன் கருத்து. இதனை அருளுடைமைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் குறள் அருளைக் கூறவில்லை. ஆக்கம் நீடிப்பதற்கு வழி கூறுகின்றது. ‘நெடிது’ என்னும் சொல் இவ்வதிகாரத்தின் ‘ஒல்லை’ என்னும் சொல்லுக்கு நேர் எதிர். அச்சுறுத்துவோன் ஒல்லைக் கெடுவான். அச்சத்தின் தோற்றத்தைக் காத்து அடியைக் குறைப்போன் நெடிது நிற்பான். அவன் முறைசெய்வான் என்று இக்குறள் கூறவில்லை என்பதைக் கூர்ந்து நோக்குக.

மேலைநாட்டார் ஒருவர் இதனை ஒட்டி ஆராய்ந்துள்ளார். பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலின் எட்டாம் பகுதியில் ஆட்சிவகைகள் ஒன்றிலிருந்து ஒன்றாகச் சிதைந்து இறுதியில் கொடுங்கோலாட்சியில் முடிதலைக் கூறினார். அக்கொடுங்கோலாட்சி பின்னர் எதுவாக மாறும் என்பதைக் கூறினாரில்லை என்று அவர் மாணவர் அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலின் ஐந்தாம் பகுதியில் குறை கூறுகின்றார். கொடுங்கோலன் தன் ஆட்சியைக் காத்துக்கொள்ள இருவழிகள் உண்டு என்பது அவர் கருத்து. ஒன்று, குடிகளை ஒருவரையொருவர் நம்பாதவராகவும் எளியராகவும் வைத்தல். மற்றொன்று, மன்னனைப் போல் தோன்றுமாறு ஒழுகுதல். பொதுப்பொருளுக்குக் காவலன் போல் கணக்குக் காட்டுதல். இரண்டாம் வழியிற் செல்வோன் முற்றும் தீயனாகாமல் பாதி தீயனாக நிற்பான் என்கின்றார். கொடுங்கோலாட்சிகள் பெரும்பாலும் குறுகிய வாழ்வின என்று கூறும் அவர், சிக்கியோன் நகரில் ஒரு குடும்பத்தின் கொடுங்கோலாட்சி நூறாண்டு நின்றதையும், அவர்கள் குடிகளை மிதமாக நடத்தியமையே அதற்குக் காரணம் என்பதையும் எடுத்துக்காட்டுகின்றார். 562ஆம் குறளுக்கு இதனினும் சிறந்த மேற்கோள் விளக்கம் யாம் அறியோம்.

நூற்கருத்தை வரலாற்றோடு உரைத்துப் பார்த்தல் வேண்டும். அதற்கு ஒரு கோலன்றிப் பல கோல்கள் அடுத்தடுத்து நின்ற இடமொன்று வேண்டும். பேரரசுகளின் தலைநகரங்கள் இதற்கு ஏற்றவையல்ல. ஆண்டு அரசனின் பெருமையே பதிவாகும். கோலின் கீழ் முனை எங்கே படுகின்றதோ அங்கே காணல் வேண்டும். சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால் ஆந்திர எல்லையை ஒட்டி ஆரம்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. அதற்குக் கிழக்கே விரிந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. ஆரம்பாக்கம் தொடங்கித் தெற்கே முகத்துவாரத்தை அடுத்த பழவேற்காடு வரை ஏரிக்கரையில் மீனவர் குப்பங்கள் பல. இக்கரை கண்ட கோல்கள் தமிழ்நாட்டின் வேறு சிற்றூர்கள் பலவும் கண்டிராதவை.

ஒல்லாந்தர் 1610ஆம் ஆண்டு விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் இசைவு பெற்றுப் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர் அதனை அழித்தனர். 1613இல் கெல்திரியா என்னும் கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் ஆட்சிக்கு 1690 வரை இதுவே தலைமையிடம். பின்னர்த் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறியது. கோட்டைக்குள்ளும் அதனைச் சூழ்ந்த ஊரிலுமே அவர்களது அதிகாரம் வலிமையுடன் நின்றது. அதற்கு வெளியே விசயநகரம், கோல்கொண்டா, முகலாயர், ஆர்க்காட்டு நவாபு எனக் கோல்கள் மாறின. இடையே ஆங்கிலேயர் கைப்பற்றியும் திருப்பித் தந்தும் வந்த பழவேற்காடு, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் முற்றாக ஆங்கிலேயர் வசமாயிற்று. 1610 முதல் எண்ணின் இருநூற்றுப் பதினைந்து ஆண்டுகள். கடுங்கோல் ஒல்லைக் கெடும் என்னும் குறளை முன்வைத்து இதனைப் பார்க்கும் மாணவன், வள்ளுவர் கூற்றுப் பொய்த்தது என்பானாயின், அவனை அதட்டி அடக்குதல் ஆராய்ச்சி நெறியன்று.

அக்கோல் மெல்லியதாக இருந்தது என்று கூறவும் இயலாது. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சம் வந்த காலங்களில் இக்கரையில் மக்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்கும் நிலைக்கு ஆளாயினர். ஒல்லாந்தக் கும்பினி அவர்களை விலைக்குக் கொண்டு கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கும் பிற கீழ்த்திசைத் தீவுகளுக்கும் அனுப்பியது. பழவேற்காடு துணி ஏற்றுமதிக்கும் வெடிமருந்துக்கும் பெயர்பெற்றதுபோலவே அடிமை வாணிகத்துக்கும் பெயர்பெற்றிருந்தது. நெய்வோர்க்கு இடைத்தரகர் வழியே முன்பணம் கொடுத்துத் துணியைப் பெறுவது அவ்வாணிகத்தின் முறை. கேட்பது வணிகன், கேட்பவன் பின்னே நிற்பது கோட்டைப் பீரங்கி. கோலேந்தியவன் கேட்பது வேலேந்தி வழிப்பறி செய்வோன் கேட்பதை ஒக்கும் என்னும் 552ஆம் குறளின் உவமைக்குப் பழவேற்காட்டுப் பண்டகசாலை போன்றதோர் உரை கிடைத்தல் அரிது. அரசன் இரக்கின்றான் என்னும் அந்தச் சொல்லாட்சியின் கூர்மையை உரைநூல்களினும் இவ்வரலாறு நன்கு விளக்கும்.

பின்னர் நிகழ்ந்தது என்ன? கோல் ஒடியவில்லை, கை மாறியது, மாறியபோது எறியும் முறையும் மாறியது. பஞ்சம் என்னும் ஒன்றையே இரு காலத்தும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைநிலைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கிவிட்டது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் ஆளை விலைக்குக் கொள்வார் இலர். அதற்கு மாறாக நிவாரண வேலை இருந்தது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அவ்வாறு வெட்டப்பட்டது. பழவேற்காட்டு ஏரி வழியே வடக்கே செல்லும் நீர்வழி முழுமையும் 1878இல் அன்றைய ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. 1877இல் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலி, வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். அது உயிர் தாங்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிசு எழுதினார். எதிர்ப்பு மிகவே, கூலி பின்னர் உயர்த்தப்பட்டது. கடிது ஓச்சி மெல்ல எறிதல் என்பது இதுதான். முன்னையோர் பசித்தவனை விலைக்கு வாங்கினர். பின்னையோர் பசித்தவனுக்கு அளந்து கொடுத்தனர். இரண்டும் ஒன்றே என்று யாம் கூறவில்லை. இரண்டாவது பன்மடங்கு நன்று. ஆனால் அளப்பவன் யார், அளவை வகுத்தவன் யார் என்னும் வினா இரண்டிலும் மாறவில்லை.

உப்பின் வரலாறு இதனினும் நுட்பமானது. மீனவர்க்கு நேரே உரியதும் ஆகும். 1805இல் ஆங்கிலக் கும்பினி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிற்று. மீனை உலர்த்தி விற்று வாழும் கரையில் உப்பின் விலை ஏறின் உணவின் விலை ஏறும், மீன் கெடும். இத்துன்பம் அரசுக்கும் தெரியவந்தது. ஆதலின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாகாணக் கடற்கரை நெடுகிலும் மீன் உப்பிடும் களங்கள் அமைக்கப்பட்டன. வரியில்லா உப்பு அங்கே கிடைக்கும். ஆனால் மீனை வேலியிட்ட அக்களத்துக்குள்ளேயே கொணர்ந்து, அலுவலர் பார்வையில், எடை குறித்து உப்பிடல் வேண்டும். இதிற் கசையடி இல்லை, பீரங்கி இல்லை, சலுகையே உண்டு. தன் வீட்டு முற்றத்தில் தான் பிடித்த மீனுக்கு உப்பிடும் உரிமைதான் பெரிதும் இல்லாமற் போயிற்று. அச்சம் நீங்கிய இடத்தில் அனுமதி வந்து அமர்ந்தது. உப்பு வரி 1947இல் நீக்கப்படும்வரை இந்நிலை பலவாறு நீடித்தது.

இவ்வரலாற்றை முன்வைத்து நோக்குங்கால் ‘ஒல்லை’ என்னும் சொல் பொய்க்கவில்லை என்பது புலனாகும். அச்சம் ஒன்றையே கருவியாகக் கொண்ட ஆட்சிக்கே அச்சொல் உரியது. ஒல்லாந்தக் கும்பினியே பிற்காலத்தில் கடன் மிகுந்து, அலுவலர் ஊழலால் உள்ளீடு அற்று, 1799ஆம் ஆண்டின் இறுதியில் கலைக்கப்பட்டது. போரும் வாணிகப் போட்டியும் அதற்குப் பெருங்காரணங்கள் ஆயினும், கடுங்கோல் கல்லாதாரையே தன்னோடு பிணித்துக்கொள்ளும் என்னும் 570ஆம் குறளை நினையாதிருக்க முடியவில்லை. நீடித்தது கும்பினி அன்று. அதன் பின் வந்து, எறிதலை மெல்லியதாக்கக் கற்ற ஆட்சி. அவ்வாறு கற்ற ஆட்சியை 57ஆம் அதிகாரம் கொண்டு குறை கூற இயலாது. 56ஆம் அதிகாரம் கொண்டே அளத்தல் வேண்டும். நாள்தோறும் நாடி முறைசெய்யாமை, ஆற்றாது அழும் கண்ணீர் ஆகியவை அச்சம் தணிந்த பின்னும் எஞ்சியிருத்தல் கூடும். ஆசிரியர் இரண்டு அதிகாரம் வகுத்தமைக்கு யாம் காணும் காரணம் இதுவே.

பரிமேலழகர் வெருவந்த செய்யாமைக்குத் தரும் அதிகார விளக்கம் ஈண்டு நினையத்தக்கது. குடிகள் அஞ்சுவன, பகுதி அஞ்சுவன, தான் அஞ்சுவன என அவர் மூவகையாகப் பிரித்தார். பகுதி என்பது அமைச்சர் முதலாய அரசியற் சுற்றம். அச்சம் குடிகளிடம் தொடங்கி, அலுவலரை அடைந்து, இறுதியில் ஆள்வோனையே வந்து பற்றும் என்று இதனை ஒரு காலவரிசையாகவும் கொள்ளலாம் என்பது எம் கருத்து. 569ஆம் குறளில் வெருவுவோன் வேந்தனே ஆதல் இதற்குத் துணை. அண்மைக் காலத்தில் இந்தியாவில் 1975 சூன் 25 முதல் 1977 மார்ச்சு 21 வரை நின்ற நெருக்கடி நிலை இதற்கு ஒரு சான்று. செய்தித் தணிக்கை குடிகள் அறிதலைத் தடுத்தது. அஃது ஆள்வோர் அறிதலையும் தடுத்தது. இனத்தோடு கலந்து எண்ணாத வேந்தனைப் பற்றிய 568ஆம் குறளுக்கு இதற்கு மேல் உரை வேண்டா. இருபத்தொரு திங்களில் அது முடிந்தமையை ‘ஒல்லை’ என்னலாம். ஆயினும் 1976 சனவரி 31இல் தன் மாநில அரசு கலைக்கப்பெற்ற தமிழ்நாட்டில், அடுத்த ஆண்டு மார்ச்சில் நடந்த மக்களவைத் தேர்தலில், ஆளும் காங்கிரசு இடம்பெற்ற கூட்டணியே பெரும்பாலான இடங்களைப் பெற்றது என்பதையும் மறத்தலாகாது. எறிதல் எங்கே வன்மையாகவும் எங்கே மென்மையாகவும் பட்டது என்பதைப் பொறுத்து மக்கள் தீர்ப்பு வேறுபட்டது போலும்.

அரசின் கோலை மட்டுமே பேசி முடித்தால் ஏரிக்கரை வரலாறு பாதியே ஆகும். அரசுகள் மாறிய காலமெல்லாம் ஏரியில் வலையிடும் உரிமையைப் பெரிதும் வகுத்தது குப்பங்களின் ஊர்க்கட்டுப்பாடே. அதற்குப் ‘பாடு’ என்று பெயர். துன்பத்தையும் உழைப்பையும் குறிக்கும் சொல் ஈண்டு முறைவைத்து வலையிடும் உரிமையைக் குறிக்கின்றது. ஏரியில் குறித்த இடங்களில் எவர் எந்நாளில் வலையிடுவது என்பதைச் சீட்டிட்டுச் சுழற்சியாக வகுப்பர். உரிமை தலைக்கட்டுக்கு உரியது. மணமான ஆடவன் ஒரு தலைக்கட்டு. நல்ல இடம் ஒருவர்க்கே நிலையாக அமையாதவாறு காத்ததால் இதனைச் செங்கோன்மையின் சிற்றுரு என்று போற்றுவார் உளர். யாமும் அதில் பெரும்பகுதிக்கு உடன்படுகின்றோம்.

ஆனால் பாட்டுக்குள் வாராத சாதியாரும், பாடு இல்லாத குப்பத்தாரும், தலைக்கட்டாக எண்ணப்படாத பெண்டிரும் அவ்வேரிக்கரையிலேயே வாழ்கின்றனர். இறாலுக்கு விலை ஏறி, ஏரியில் இறங்குவோர் பெருகி, முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன் குறைந்த பிற்காலத்தில் இப்பிரிவு கூர்மையடைந்து பூசலாகவும் வெடித்தது. இங்கு அச்சுறுத்தும் வேந்தன் ஒருவனும் இல்லை. 57ஆம் அதிகாரம் இங்கே ஒன்றும் கூறாது. 55, 56ஆம் அதிகாரங்களில் வரும் ‘குடி’ என்னும் சொல்லே கூறவேண்டும். அச்சொல் யாரைத் தழுவுகின்றது? 544ஆம் குறளில் தழுவப்படுவது குடி. 542ஆம் குறளில் கோலை நோக்கி வாழ்வதும் குடி. சீட்டில் பெயர் உள்ளார் மட்டுமே குடி என ஓர் ஊர் வகுத்துக்கொண்டால், பெயர் இல்லாதார் நோக்கி வாழ்வது எக்கோலை? உரைகள் குடி என்பதற்கு அரசனின் கீழ் வாழ்வார் என்ற பொதுப்பொருளே கொண்டமையால், குடியாக எண்ணப்படாதார் பற்றிய இவ்வினா அவற்றில் எழவில்லை. இச்சொல்லின் பொருளெல்லையைச் சங்க நூல்கள் முதல் கல்வெட்டுகள் வரை தனியே தொகுத்து ஆராய்தல் வேண்டும். அதனைப் பிறிதொரு கட்டுரையில் மேற்கொள்வோம்.